டிகிரியோடு ஒரு வரைபடம்: கண்மாய்க்குள் போன தெரு

"அண்ணா, டிகிரி போக வேற என்ன கத்துக்கிட்டா நல்லது?" மூணாம் வருஷம் முடியப்போற ஜூனியர்ஸ்கிட்டேயிருந்து வருஷா வருஷம் வர்ற கேள்வி இது. பைத்தான், ஏஐ, கிளவுட் என்று பதில் சொல்ல நிறைய பேர் இருக்காங்க. அவங்க சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லை. இந்த இதழ்ல நான் சொல்லப்போறது கொஞ்சம் வேற: ஜிஐஎஸ், ரிமோட் சென்சிங். தமிழில் புவியியல் தகவல் அமைப்பு, தொலையுணர்வு. பேரைப் பார்த்ததும் "அது சிவில்காரங்க எலெக்டிவ் ஆச்சே" என்று அடுத்த பக்கத்துக்குப் போயிடாதீங்க. சிவில்காரங்களை விட மற்ற டிபார்ட்மெண்ட்காரங்களுக்குத்தான் இதை முக்கியமாச் சொல்றேன்.

இதைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற தகுதி, இதில் நான் பண்ணின ஒரு தப்பு. அந்தத் தப்பால் ஒரு தெருவே கண்மாய்க்குள்ளே போயிருக்கும். கதைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வரியில் அறிமுகத்தை முடிச்சுக்கலாம்.

தொடாமலேயே ஒரு பொருளைப் பற்றித் தெரிஞ்சுக்கிறதுதான் ரிமோட் சென்சிங். வெயில் தரையில் பட்டுத் திரும்புது. தண்ணி அதை ஒரு மாதிரி திருப்பும், நெல்லுப் பயிர் ஒரு மாதிரி, காய்ஞ்ச மண் வேற மாதிரி. மேலே இருக்கிற செயற்கைக்கோள் அந்த ஒளியை அலைநீள வாரியாகப் பிரிச்சு எண்களாகப் பதிவு பண்ணுது. அந்த எண்களையும், ரோடு, கிணறு, சர்வே நம்பர் எல்லாத்தையும் அடுக்கடுக்காக வைத்துக் கேள்வி கேட்க உதவுறது ஜிஐஎஸ். "கலுங்கிலிருந்து 500 மீட்டருக்குள்ளே எத்தனை கிணறு இருக்கு?" எஸ்கியூஎல் குவெரி மாதிரியேதான். 'எங்கே' என்ற ஒரு சொல் மட்டும் கூடச் சேருது.

நாங்க போட்ட போஸ்டர்

மினி பிராஜெக்டுக்கு நாங்க மூணு பேர். ஒருத்தன் சிவில், ஒருத்தி சிஎஸ்இ, நான் ஈசிஇ. மதுரைப் பக்கம் எங்க ஊர்க் கண்மாய் ஒண்ணு. சின்ன வயசில் பார்த்த அளவு இப்போ இல்லையே என்ற ஆதங்கம் ரொம்ப நாளா இருந்தது. சரி, செயற்கைக்கோள் படத்தை வைத்தே நிரூபிச்சுடுவோம் என்று கிளம்பினோம்.

1990களில் எடுத்த லேண்ட்சாட் 5 படம் ஒண்ணு கிடைத்தது. புதுசாக சென்டினல் 2 படம் ஒண்ணு. ரெண்டிலும் தண்ணிப் பரப்பைக் கணக்குப் போட்டோம். பாதிக்கு மேல காணோம்! அடுத்து சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோ ஷீட்டை ஸ்கேன் பண்ணி, அதில் நீல நிறத்தில் இருந்த கண்மாய் எல்லையை வரைஞ்சு, இன்றைய படத்தின் மேலே வைத்தோம். எல்லைக்குள்ளே ஒரு தெருவே உட்கார்ந்திருந்தது. அதைச் சிவப்பு அடிச்சு "ஆக்கிரமிப்பு" என்று எழுதினோம். போஸ்டர் தலைப்பு: 'சுருங்கும் கண்மாய்'. கைடுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. கலெக்டர் ஆபீஸுக்கே ஒரு காப்பி அனுப்பலாம் என்று கூடப் பேச்சு வந்தது.

போஸ்டருக்கு ரெண்டு போட்டோ வேணுமே என்று கடைசி நாள் நேரில் போனோம். மடை திறந்து விடுற பெரியவர் ஒருத்தர் கரையில் உட்கார்ந்திருந்தார். பிரிண்ட் அவுட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்தத் தெரு கரைக்கு அந்தப் பக்கம் ஆயக்கட்டுப் பக்கமில்ல இருக்கு? கரையத் தாண்டி கண்மாய் எப்புடிப்பா போகும்?"

எங்களுக்கு வாய் அடைச்சுப்போச்சு. கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான். மேட்டுப் பக்கமிருந்து வர்ற தண்ணியைப் பள்ளத்துப் பக்கம் போட்ட கரை தடுத்து நிறுத்துது. கரைக்குக் கீழே இருக்கிற தெரு எந்தக் காலத்திலும் கண்மாய்க்குள்ளே இருந்திருக்க முடியாது. இது ஊர்ல எந்தச் சின்னப் பையனுக்கும் தெரியும். லேப்டாப் முன்னாடி உட்கார்ந்த மூணு பேருக்குத் தெரியலை.

அடுத்து அவர் இன்னொண்ணும் கேட்டார். "இந்தப் பழைய படம் எந்த மாசம்? இது எந்த மாசம்?" பார்த்தோம். பழசு தை மாசம், புதுசு சித்திரை. "தையில நெறஞ்சு கெடக்கும், சித்திரையில வத்திக் கெடக்கும். இதுக்கு எதுக்குய்யா சேட்டிலைட்டு?" என்று சிரித்தார்.

அந்த நேரம் தெருவிலிருந்து ஒரு அம்மா எங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வந்தாங்க. பேப்பரைப் பார்த்துட்டு, "எங்க வீட்டையும் செவப்புலயா போட்டிருக்கீங்க?" என்று கேட்டாங்க. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று அங்கங்கே நோட்டீஸ் ஒட்டிக்கிட்டிருந்த காலம் அது. அந்தப் போஸ்டர் மட்டும் யார் கைக்காவது போயிருந்தால்? இன்னிக்கும் நினைச்சா வயிறு கலங்கும்.

சரி, எங்கே தப்பு நடந்தது? ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் பாடம் என்று ஏதாவது இருந்தால் அது இனிமேல்தான்.

தெரு கண்மாய்க்குள் போனது எப்படி

அட்சரேகை, தீர்க்கரேகை என்றால் பூமி மேல ஒரே ஒரு இடம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படிக் கிடையாது. பூமி சரியான உருண்டையும் இல்லை, சரியான நீள்வட்டமும் இல்லை. அதனால ஒரு நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதை எங்கே எப்படிப் பொருத்துறது என்று முடிவு பண்ணித்தான் அளக்கணும். அந்த ஏற்பாட்டுக்குப் பேர் டேட்டம். டேட்டம் மாறினால், அதே எண்கள் தரையில் வேற இடத்தைக் காட்டும்.

இந்தக் கதை நம்ம சென்னையில் ஆரம்பிக்குது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் சுமார் ஏழரை மைல். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அப்படின்னா சுமார் 400 தடவை சங்கிலியைத் தரையில் நீட்டணும், அதுவும் சித்திரை வெயில்ல. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமா வளர்ந்ததுதான் மகா முக்கோண அளவீடு. லாம்ப்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் பேரில்தான் 'எவரெஸ்ட் 1830' நீள்வட்டம் வந்தது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோ ஷீட் எல்லாம் அதை அடிப்படையாக வைத்து வரைஞ்சவை. (கிண்டி பொறியியல் கல்லூரியே 1794இல் ஒரு சர்வே பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. அதனால இதை 'புதுசா வந்த ஃபீல்டு' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. நம்ம ஊரில் பொறியியல் படிப்பு ஆரம்பித்ததே நிலத்தை அளக்கத்தான்.)

ஆனா உங்க போன்ல இருக்கிற ஜிபிஎஸ், செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேற டேட்டத்தில் இயங்குது. நாங்க என்ன பண்ணினோம்? டோபோ ஷீட்டின் நாலு மூலையில் அச்சடிச்சிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சரில் கொடுத்தோம். 'எந்த அமைப்பு?' என்று அது கேட்டது. யோசிக்காம டபிள்யூஜிஎஸ் 84 என்று அடித்தோம். நம்ம பக்கத்தில் இந்த ரெண்டு டேட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 100 மீட்டரைத் தாண்டும். மொத்தக் கண்மாயும் தென்கிழக்கே நகர்ந்து, கரையைத் தாண்டி, தெரு மேல போய் உட்கார்ந்துக்கிச்சு. மென்பொருள் ஒரு எரர் கூடக் காட்டலை. காட்டாது. அதுதான் இந்தத் துறையின் ஆபத்து: கோடு தப்பாக இருந்தால் சிஎஸ்இ மாதிரி கம்பைலர் கத்தாது, அழகான மேப்பே கிடைக்கும்.

இதுக்கு வழி ரெண்டு. மூலை எண்களைக் கொடுக்கிறதா இருந்தால், எவரெஸ்ட் நீள்வட்டம் சார்ந்த கல்யான்பூர் டேட்டங்களில் உங்க ஷீட்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் டபிள்யூஜிஎஸ் 84க்கு மாத்தணும். எனக்குப் பிடிச்ச வழி ரெண்டாவது. ஷீட்டிலும் தெரியுற, படத்திலும் தெரியுற, இடம் மாறாத பொருள்களைப் பிடிக்கிறது. பழைய கோயில், ரயில்வே கிராசிங், கலுங்கின் ரெண்டு முனை. இந்த மாதிரி எட்டுப் பத்துப் புள்ளி கொடுத்துப் பொருத்திட்டு, கொடுக்காத ஒரு புள்ளியை வைத்துச் சரிபாருங்க. அந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுடுறோம்.

டேட்டம் போக இன்னொரு கண்ணியும் இருக்கு. பரப்பளவு கணக்குப் போடும்போது அடுக்கு டிகிரியில் இருந்தால், விடை சதுர டிகிரியில் வரும். 40 ஹெக்டேர் கண்மாய்க்கு 0.000033 என்று வந்து நிற்கும். அதனால மீட்டர் கணக்கில் இருக்கிற யூடிஎம்முக்கு மாத்திக்கணும். தமிழ்நாட்டுக்கு ரெண்டு யூடிஎம் மண்டலம். 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே 44, மேற்கே 43. சென்னை, திருச்சி, மதுரை, சேலம் 44இல் வரும். கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43இல். திண்டுக்கல்காரங்க பாடுதான் திண்டாட்டம். ஊர் கோட்டுக்குச் சற்றே மேற்கே இருக்கு, மதுரைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் மண்டலம் மாறிடும். கியூஜிஐஎஸ்ஸில் இபிஎஸ்ஜி 32643, 32644 என்று தேடினால் ரெண்டும் கிடைக்கும்.

ஒரு பிக்சல் எத்தனை சென்ட்

சென்டினல் 2இன் முக்கிய பேண்டுகளில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நூறு சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் ரெண்டரை சென்ட். லேண்ட்சாட் பிக்சல் 30க்கு 30. அது 22 சென்ட். நம்ம ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர், முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல.

இப்போ யோசிங்க. மூணு சென்ட் மனை ஒண்ணு கண்மாய்க்குள்ளே இருக்கா வெளியே இருக்கா என்று சென்டினல் படத்தை வைத்துச் சொல்ல முடியுமா? அந்த மனையே ஒரு பிக்சல்தான். லேண்ட்சாட்டில் ஏழெட்டு வீடும் கொஞ்சம் வாய்க்காலும் ஒரு வேப்பமரமும் கலந்து ஒரே எண்ணாக வந்து நிற்கும். கண்மாய் மொத்தத்தில் தண்ணி எவ்வளவு, வருஷா வருஷம் எப்படி மாறுது என்று சொல்ல இந்தப் படங்கள் அருமையானவை. யார் வீடு யார் நிலத்தில் என்று சொல்ல அவை லாயக்கில்லை. அதுக்குப் புல எண் வாரியான புல வரைபடம், அதான் எஃப்எம்பி, வருவாய்த் துறைப் பதிவேடு, நேரில் வந்து அளக்கிற சர்வேயர் எல்லாம் வேணும். எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று தெரிஞ்சிருந்தாலே இந்தத் துறையில் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

தண்ணியைக் கண்டுபிடிக்கிற கணக்கு

இது பிளஸ் டூ இயற்பியல் அளவுதான், பயப்படாதீங்க. தண்ணி பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பும். அண்மை அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட மொத்தமாக விழுங்கிடும். செடி நேர்மாறு: அண்மை அகச்சிவப்பை வாரி இறைக்கும். 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் கொடுத்த என்டிடபிள்யூஐ வாய்ப்பாடு இதைத்தான் பிடிக்குது:

(பச்சை − அண்மை அகச்சிவப்பு) ÷ (பச்சை + அண்மை அகச்சிவப்பு)

சென்டினல் 2இல் பச்சை என்றால் பேண்ட் 3, அண்மை அகச்சிவப்பு பேண்ட் 8. உதாரணத்துக்கு ஒரு தண்ணிப் பிக்சலில் 0.06, 0.02 என்று வைத்துக்கோங்க. 0.04ஐ 0.08ஆல் வகுத்தால் 0.5. ஒரு நெல்லு வயலில் 0.08, 0.40 என்றால் விடை மைனஸ் 0.67. காய்ஞ்ச மண்ணில் 0.12, 0.24 இருந்தால் மைனஸ் 0.33. பூஜ்ஜியத்துக்கு மேல இருந்தால் பெரும்பாலும் தண்ணி. கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரே வரி. பூஜ்ஜியத்துக்கு மேல எத்தனை பிக்சல் என்று எண்ணி 100ஆல் வகுத்தால் ஹெக்டேர் கிடைச்சுடும். அரை மணி நேர வேலை.

ஆனா அந்த அரை மணி நேரத்துக்குள்ளே மூணு குழி இருக்கு.

முதல் குழி கோப்பிலேயே இருக்கு. சென்டினல் 2 படத்தில் எதிரொளிப்பை 10,000ஆல் பெருக்கித்தான் சேமிக்கிறாங்க. அதோட, 2022 ஜனவரி 25க்குப் பிறகு வந்த பிராசஸிங் முறையில் எல்லா எண்ணோடும் 1,000 கூட்டியிருப்பாங்க. மேலே பார்த்த தண்ணிப் பிக்சல் 600, 200 என்பதுக்குப் பதிலா 1,600, 1,200 என்று வரும். கழிக்காம அப்படியே கணக்குப் போட்டால் 400ஐ 2,800ஆல் வகுத்து 0.14. அதே தண்ணி, 0.5 எங்கே, 0.14 எங்கே! பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிடுறவங்க இதில் மாட்டிக்கிட்டு 'மாற்றம்' கண்டுபிடிச்சுடுவாங்க. படத்தோட வர்ற மெட்டாடேட்டா கோப்பைத் திறந்து, ஆஃப்செட் இருக்கா என்று பார்த்துக் கழிச்சுடுங்க. கூகுள் எர்த் என்ஜினில் வேலை பார்த்தால் 'ஹார்மனைஸ்டு' என்று பேர் இருக்கிற தொகுப்பை எடுங்க, அதிலேயே சரி பண்ணியிருக்கும்.

ரெண்டாவது குழி ஆகாயத்தாமரை. கண்மாய் நிறைய தண்ணி, மேலே மொத்தமும் ஆகாயத்தாமரை மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்குத் தெரியுறது இலைதான். நெல்லு வயல் மாதிரியே மைனஸில் போய் நிற்கும். நேரில் போன ஆளுக்குத் தண்ணி, கணக்கில் தோட்டம். சீமைக்கருவேலம் வேற மாதிரி ஏமாத்தும். வத்தின கண்மாயில் அது மண்டிக் கிடக்கிறதைப் பார்த்து, என்டிவிஐ மட்டும் போட்டவங்க 'பசுமை கூடியிருக்கு' என்று சந்தோஷமா எழுதிடுவாங்க. எங்க பக்கத்து விவசாயிகிட்ட போய் அந்தப் பசுமையைப் பாராட்டிப் பாருங்க, தெரியும்.

மூணாவது, நாங்க விழுந்த குழி: மாசம். நமக்கு மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில். மார்கழி, தையில் நிறையும். சித்திரை, வைகாசியில் வத்தும். வருஷத்தை ஒப்பிடணும் என்றால் அதே மாசத்தை எடுக்கணும். அது மட்டும் போதாது, அந்த வருஷம் மழை எப்படி என்றும் பார்க்கணும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தது. இந்த ரெண்டு படத்தை மட்டும் பக்கத்தில் வைத்து 'சென்னை ஏரிகள் அழிந்தன' என்று எழுதினால், அது செய்தித் தலைப்பு. ஆய்வு இல்லை. ஒரு படம் எதையும் நிரூபிக்காது. பத்துப் பதினஞ்சு வருஷத் தை மாதப் படங்களின் வரிசை ஏதாவது சொல்லும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். தண்ணி வர்ற நேரம் மேகமும் வரும். நவம்பரில் படம் தேடினால் வெறும் பஞ்சு மூட்டைதான். அதுக்கு ரேடார் இருக்கு. சென்டினல் 1 தானே மைக்ரோவேவ் அனுப்பித் திரும்ப வாங்குது. அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு என்பதால் மேகம் தடுக்காது, ராத்திரியும் பிரச்சினை இல்லை. அமைதியான தண்ணி, கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் திருப்பி விட்டுடும்; படத்தில் கறுப்பாகத் தெரியும். ஈசிஇ நண்பர்களே, ஆன்டெனா, பேக்ஸ்கேட்டர், போலரைசேஷன் எல்லாம் எதுக்குப் படிக்கிறோம் என்று கேட்டீங்களே, இதுக்குத்தான். 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளும் ரேடார்தான். நாசாவின் எல் பேண்டும் இஸ்ரோவின் எஸ் பேண்டும் ஒரே கோளில். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ரேடார் படங்களை வைத்து நெல் பரப்பையே கணிக்கிறாங்க.

யாருக்கு என்ன

சிஎஸ்இ, ஐடி படிக்கிறவங்களுக்கு இதில் பெரிய இடம் காலியாகக் கிடக்கு. மேப் தெரிஞ்சவங்களுக்கு கோடு வராது, கோடு தெரிஞ்சவங்களுக்கு டேட்டம் தெரியாது. பைத்தானில் ஜியோபாண்டாஸ், ராஸ்டீரியோ, டேட்டாபேஸில் போஸ்ட்ஜிஐஎஸ், எர்த் என்ஜினில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதில் ஒரு படி கூட, அவ்வளவுதான். 'எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஏடிஎம்' என்று தேடும்போது பின்னாடி ஓடுறது ஆர்-ட்ரீ என்ற இன்டெக்ஸ். டேட்டா ஸ்ட்ரக்சர் புத்தகத்தில் பி-ட்ரீ வரைக்கும் படிச்சவங்க அடுத்த பக்கத்தைத் திருப்பினால் போதும். சிவில்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், டோட்டல் ஸ்டேஷன் கையில் பிடிச்சவங்களுக்கு டேட்டம் வலி ஏற்கெனவே தெரியும். ஈஈஈ என்றால் சோலார் இடம் தேர்வு, மின்பாதை. மெக்கானிக்கலுக்கு? உண்மையைச் சொல்லணும்னா ட்ரோன் பக்கம் ஆர்வம் இருந்தால் மட்டும். வலிஞ்சு சேர்த்துக்க வேண்டாம்.

வேலை பற்றியும் நேராகப் பேசிடலாம். ஜிஐஎஸ் என்ற பேரில் வர்ற வேலையில் ஒரு பகுதி, படத்தைப் பார்த்து நாள் பூரா கட்டடத்தைச் சுத்திக் கோடு போடுறது. சம்பளமும் அதுக்குத் தகுந்த மாதிரிதான், அந்த வேலையை மெஷினும் கத்துக்கிட்டு வருது. 'கியூஜிஐஎஸ் தெரியும்' என்று ரெஸ்யூமேயில் ஒரு வரி போட்டால் அந்த வரிசையில்தான் நிற்பீங்க. ஒரு கேள்வியை எடுத்து, டேட்டா தேடி, தப்பைக் கண்டுபிடிச்சு, கோடோட ஒரு மேப்பை கிட்ஹப்பில் போட்டிருந்தால் பேச்சு வேற. எனக்குத் தெரிஞ்சு இன்டர்வியூவில் கைகொடுக்கிறது, நீங்க பண்ணின தப்பை நீங்களே விளக்கிச் சொல்றதுதான்.

முன்பு இதெல்லாம் வெளியாட்களுக்குக் கிடைக்காத சமாச்சாரம். லேண்ட்சாட் படத்தைக் காசு கொடுத்து வாங்கணும்; 2008லிருந்துதான் இலவசம். இந்தியாவில் வரைபடம் தயாரிக்கவே முன் அனுமதி, உரிமம் என்று கெடுபிடி இருந்தது. 2021 பிப்ரவரி 15இல் வந்த வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு அதில் பெரும்பகுதியைத் தளர்த்தின. அடுத்த வருஷமே தேசிய புவிசார் கொள்கையும் வந்தது. கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் என்று தனித் தாளே இருக்கு; மேல படிக்கணும் என்று நினைக்கிறவங்க கவனிங்க.

கத்துக்கக் காசு தேவையில்லை. டேராடூனில் இருக்கிற இந்திய தொலையுணர்வு நிறுவனம், 1966இல் ஆரம்பித்தது, இஸ்ரோவின் கீழ் இயங்குது. அவங்க அவுட்ரீச் என்ற பேரில் இலவச ஆன்லைன் வகுப்புகள் நடத்துறாங்க, சான்றிதழும் உண்டு. என்பிடிஇஎல்லில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இருக்கு. கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். அதனுடைய பயிற்சிக் கையேடே ஒரு செமஸ்டருக்குப் போதும். படங்களுக்கு கோப்பர்நிகஸ் பிரௌசர், யுஎஸ்ஜிஎஸ் எர்த் எக்ஸ்ப்ளோரர், நம்ம தேசிய தொலையுணர்வு மையத்தின் பூநிதி, புவன். லேண்ட்சாட் 7 படம் எடுத்தால் தேதியைப் பாருங்க: 2003 மே 31க்கு அப்புறம் ஸ்கேனர் கோளாறால் படம் முழுக்கக் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். தெரியாம இறக்கி, லேப்டாப் கெட்டுப்போச்சு என்று நினைச்ச ஆள் நான்.

கோர்ஸ் எல்லாம் முடிச்சுட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேணாம். தமிழ்நாட்டில் 39,000க்கு மேல ஏரி, கண்மாய், குளம் இருக்கு. உங்க ஊரில் ஒண்ணு நிச்சயம் இருக்கும். இந்த வார லீவில் கியூஜிஐஎஸ் போட்டு, போன தை மாசப் படம் ஒண்ணு இறக்கி, என்டிடபிள்யூஐ போடுங்க. அப்புறம் பஸ் ஏறிப் போய்ப் பாருங்க. போறப்போ போன்ல கியூஃபீல்டு ஆப் இருக்கட்டும். நிற்கிற இடத்திலேயே புள்ளி போட்டுக்கலாம்.

நாங்களும் திரும்பப் போட்டோம். கலுங்கின் ரெண்டு முனை, கோயில், மடைகளை வைத்து டோபோ ஷீட்டைப் பொருத்தினோம். கண்மாய் நகர்ந்து கரைக்குள்ளே வந்துடுச்சு, தெரு வெளியே வந்துடுச்சு. தை மாதப் படங்களை வரிசையாக வைத்தபோது தண்ணிப் பரப்பு நாங்க சொன்ன மாதிரி பாதியா எல்லாம் குறையலை. ஆனா வடக்கு மூலையில் தண்ணி ஏறுறதே வர வரக் குறைஞ்சிருந்தது, அங்கே சீமைக்கருவேலம். போஸ்டர் தலைப்பை மாத்தினோம். சிவப்பு நிறமே போடலை.

புது பிரிண்ட்டைப் பெரியவர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தோம். தெருவைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், தலையாட்டினார். அந்த அம்மா வீடு எது என்று விரல் வைத்துக் காட்டினார். அப்புறம் வடக்கு மூலையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "வரத்துக் கால்வாயக் காணோமே தம்பி? அதுல மண்ணு மேவிப்போயில்ல இந்தப் பக்கம் தண்ணி ஏறல?"

கால்வாய் மூணு மீட்டர் அகலம். எங்க பிக்சல் பத்து மீட்டர். போனை எடுத்துக்கிட்டு அவர் பின்னாடியே நடந்தோம்.